கருவேலங்காட்டில் கல்லூரி வந்த கதை

கருவேலங்காட்டின் நடுவே ஓர் ஓடை ஓடியது. அதன் மேற்குக் கரையில் முயல்களும் முள்ளம்பன்றிகளும் வயல் எலிகளும் சோளம் பயிர் செய்து பிழைத்தன. பயிர் செய்தன என்று ஒரு மரியாதைக்குத்தான் சொல்கிறேன். புரட்டாசி மழை விழுந்ததும் கைக்கு அகப்பட்ட சோளத்தை வாரி இறைப்பார்கள். பிறகு தை மாதம் வரை நிழலில் படுத்துக்கொண்டு வானத்தைக் குறை சொல்வார்கள். அதற்கு அங்கே விவசாயம் என்று பெயர்.

அறுவடை முடிந்ததும் ஒரு வழக்கம் இருந்தது. பருத்த கதிர்களை முதலில் தின்றுவிடுவார்கள். ருசி அதில்தானே இருக்கிறது? சூம்பியதும் சொத்தையும் மிஞ்சும். அதை விதைக்கு எடுத்து வைப்பார்கள். அடுத்த ஆண்டு கதிர் சூம்பித்தான் வரும். மழை சரியில்லை என்பார்கள். அதற்கடுத்த ஆண்டு இன்னும் சூம்பும். காற்று சரியில்லை என்பார்கள். தங்களைத் தவிர உலகத்தில் எதுவுமே அவர்களுக்குச் சரியில்லாமல் போயிருந்தது.

இந்த விவசாயத்துக்கு ஒரு சபையும் இருந்தது. சபைத் தலைவர் கோரையன் என்ற காட்டுப்பன்றி. அவர் வாழ்நாளில் ஒரு விதை ஊன்றியதில்லை. ஆனால் அவரளவுக்குச் சோளக்காட்டுக்குள் புகுந்து பழகியவர் அந்த வட்டாரத்தில் வேறு யாரும் இல்லை. அவர் வேலியோரம் நிற்பதைவிட மேடையில் உட்கார்ந்திருப்பது பயிருக்குப் பாதுகாப்பு என்று கருதித்தான் அவரைத் தலைவராக்கினார்கள். அவர் அதைத் தன் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டார். யாரும் திருத்தவில்லை.

ஓர் ஆடி மாதம் மாராத்தாள் என்ற கௌதாரி அந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்தாள். அதுவரை அவள் மனிதர்களுடைய விதைப்பண்ணை ஒன்றின் வேலிப் புதரில் குடியிருந்தவள். புதரை வெட்டிவிட்டுக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். வீடு போயிற்று. ஏழு வருடம் அந்தப் பண்ணையைப் புதருக்குள்ளிருந்து பார்த்தவள் என்பதால், விதையை எப்படிப் பொறுக்குகிறார்கள், எவ்வளவு இடைவெளி விட்டு ஊன்றுகிறார்கள், எரு எப்போது போடுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

கருவேலங்காட்டுச் சோளத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பாவமாக இருந்தது. சபை கூடிய அன்று போய் நின்று பணிவாகவே சொன்னாள். பருத்த கதிரைத் தின்னாமல் விதைக்கு வைக்க வேண்டும். விதையைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளிவிட்டு மூழ்குவதை எடுக்க வேண்டும். வாரி இறைக்காமல் வரிசையாக ஊன்ற வேண்டும். நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துவிட வேண்டும். களை எடுக்க வேண்டும்.

சபை முழுவதும் அமைதியாகக் கேட்டது. பிறகு முழுவதுமாகச் சிரித்தது.

நாச்சிமுத்து என்ற முயல்தான் முதலில் வாய் திறந்தார். காட்டிலேயே அதிகச் சோளம் இறைப்பவர் அவர். ஆகவே அனுபவசாலி.

"எங்க பாட்டன் காலத்துல இருந்து இப்படித்தான் செய்யறோம், அம்மிணி. இத்தனை வருசத்துல நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" என்று கேட்டார்.

போன கோடையில் பசியில் செத்துப்போனவர்கள் அதற்குப் பதில் சொல்ல அங்கே இல்லை.

கோரையன் தீர்ப்புச் சொன்னார். பறவை என்பது விதையைக் கொத்துகிற இனம். கொத்துகிறவளிடம் போய் விதைப்பைக் கற்றுக்கொள்வது முறையல்ல. ஒரு பன்றி இதைச் சொன்னதில் யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. மாராத்தாளுக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம் போட்டுவிட்டு, சபை சாப்பிடக் கிளம்பிற்று.

மாராத்தாள் சோர்ந்துதான் திரும்பினாள். படுத்தும் தூக்கம் வரவில்லை. அப்போது பண்ணையில் பார்த்த ஒரு சங்கதி நினைவுக்கு வந்தது. அங்கேயும் அதிகாரிகள் சொன்னதை விவசாயிகள் கொட்டாவி விட்டபடி கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பழையபடியே செய்தார்கள். அலுத்துப்போன ஓர் அதிகாரி, பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து ஆளுக்கு ஒரு பாத்தியும் ஒரு பிடி விதையும் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து, அந்தப் பிள்ளைகளின் அப்பன்மார் வேலிக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பெரியவர்களுக்குச் சொன்னால் ஏறாதது, தங்கள் பிள்ளையின் பாத்தியில் பார்த்தால் ஏறுகிறது.

மறுநாளே கோரையனிடம் போனாள். ஓடையோரம் கல்லும் முள்ளுமாகக் கிடந்த ஒரு துண்டு நிலத்தைக் கேட்டாள். பிள்ளைகளுக்கு ஒரு மன்றம் வைத்து ஆளுக்கொரு பாத்தி கொடுக்கப்போவதாகச் சொன்னாள். பிள்ளைகள் பகல் தூக்கத்தைக் கெடுக்காமல் எங்கேயாவது தொலைந்தால் சரி என்று கோரையனும் மற்றப் பெற்றோர்களும் சம்மதித்தார்கள். கல்விக்குக் கருவேலங்காடு கொடுத்த முதல் ஆதரவு அதுதான்.

பதினோரு பிள்ளைகள் சேர்ந்தார்கள். முதலில் பெயர் கொடுத்தவள் நாச்சிமுத்துவின் மகள் பூவாத்தாள். கடைசியில் வந்தவன் கோரையனின் மகன் குழியன். அவன் மூக்கை எங்கே வைத்தாலும் மண் புரண்டுவிடும். வீட்டில் அதற்கு உதை விழும். மாராத்தாளோ அதைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேர்தான் உழவு, கண்ணு. நாள் முழுக்கச் செய்யி" என்றாள். பிறந்ததிலிருந்து அவனை யாரும் பாராட்டியதில்லை. அன்று மாலைக்குள் நிலம் முழுவதும் புரண்டு கிடந்தது.

நிலம் தயார். விதைதான் இல்லை. பருத்த கதிர்களை எல்லாம் மாசி மாதமே தின்று தீர்த்திருந்தார்கள். ஆனால் நாச்சிமுத்து விருந்துக்கென்று ஐந்து நல்ல கதிர்களை வளையின் மூலையில் ஒளித்து வைத்திருப்பது பூவாத்தாளுக்குத் தெரியும். போய்க் கேட்டாள். அவர் முடியாது என்றார். எட்டு நாளைக்குத் தன் பங்குச் சாப்பாட்டை அவரே சாப்பிட்டுக்கொள்ளலாம், பதிலுக்கு ஒரு கதிர் கொடுத்தால் போதும் என்றாள். அப்படியானால் நியாயம்தான் என்று அவர் ஒப்புக்கொண்டார். எட்டு நாளும் மகள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பங்கையும் சாப்பிட்டார். ஒன்பதாம் நாள் கதிரைக் கொடுத்தார். ஐந்தில் சிறியதாகப் பார்த்துத்தான் கொடுத்தார்.

அந்த ஒரு கதிரின் மணிகளைத்தான் பதினோரு பேரும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

முளை வந்தது. இரண்டு வாரம் போனதும், நெருக்கமாக நின்ற நாற்றுகளைப் பிடுங்கச் சொன்னாள் மாராத்தாள். பிள்ளைகளுக்கு அழுகை வந்துவிட்டது. ஒவ்வொன்றும் பச்சைப்பசேல் என்று நின்றது. பூவாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்று விட்டு ஒன்றாகப் பிடுங்கினாள். அந்த நேரம் பார்த்து அந்த வழியாக வந்தார் நாச்சிமுத்து. நல்ல பயிரைத் தன் மகளே பிடுங்கிப் போடுவதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். அன்று சாயங்காலம் காடு முழுக்கப் போய், படிப்பு பிள்ளைகளின் மூளையை எப்படிக் கெடுக்கிறது என்று விளக்கிவிட்டு வந்தார்.

தை பிறந்தது. பிள்ளைகளின் பாத்திகளில் கதிர்கள் முயலின் தொடை மாதிரித் தடித்துத் தலை சாய்த்து நின்றன. பெரியவர்களின் காட்டில் எலிவால் மாதிரி நிமிர்ந்து நின்றன.

பெரியவர்கள் வந்து பார்த்தார்கள். பாத்திகளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பிறகு காரணங்கள் கிடைக்கத் தொடங்கின. ஓடையோரம் என்பதால் ஈரம் அதிகம் என்றார் ஒருவர். கல் நிலத்தில் சோளம் பயந்து வளரும் என்றார் இன்னொருவர். அந்தப் பாத்திகளின் மேல் மட்டும் தனியாக ஒரு மழை பெய்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக ஒரு கிழ எலி சத்தியம் செய்தார். பிள்ளைகள் நாலு மாதம் முதுகு வளைத்தது காரணமாக இருக்கலாம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாச்சிமுத்து கிட்டே போனார். மகளுடைய பாத்தியில் ஒரு கதிரைத் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றார். பிறகு வளைக்குப் போய்விட்டார்.

கோரையன் வேறொன்றைக் கவனித்தார். இத்தனை பேர் ஓரிடத்தில் கூடி, தன்னைப் பார்க்காமல் சோளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது ஒழுங்காக நடத்தப்பட வேண்டிய காரியம் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அன்றே சபையைக் கூட்டினார். இளைஞர்களுக்கு வேளாண் கல்வி வேண்டும் என்று தான் நெடுங்காலமாகக் கனவு கண்டு வந்ததாகச் சொன்னார். அந்தக் கனவு நனவாக ஒரு கல்லூரி கட்டப்படும். பிள்ளைகளின் மன்றம் இனி 'கருவேலங்காட்டு இளம் உழவர் சங்கம்' என்ற பெயரில் கல்லூரியின் கீழ் இயங்கும். உறுப்பினர்களுக்கு நத்தை ஓட்டில் செய்த பதக்கம் உண்டு. காலையில் உறுதிமொழி உண்டு. வாரம் ஒரு நாள் அணிவகுப்பு உண்டு.

எல்லாரும் கைதட்டினார்கள்.

கல்லூரிக்கு முதல்வர் வேண்டுமே? செங்கழுத்தன் என்ற ஓணானைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பூச்சி தின்று வாழ்பவர். சோளத்துக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் யார் எதைச் சொன்னாலும் அவர் நிதானமாகத் தலையாட்டுவார். அத்தனைக்கும் தலையாட்டுகிற ஒருவருக்கு அத்தனையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது காட்டின் முடிவு.

மாராத்தாள் போய், தனக்கு ஏதாவது வேலை உண்டா என்று விசாரித்தாள். கற்பிப்பதற்குச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். சான்றிதழை யார் கொடுப்பார்கள் என்று கேட்டாள். கல்லூரி கொடுக்கும் என்றார்கள். அப்படியானால் தான் கல்லூரியில் சேரலாமா என்று கேட்டாள். வயது கடந்துவிட்டது என்றார்கள். இந்த மூன்று பதில்களுக்கும் முதல்வர் தலையாட்டினார்.

பூவாத்தாளுக்கும் ஒரு செய்தி இருந்தது. சங்கத்தில் ஆண்பிள்ளைகள் மட்டுமே உறுப்பினர்கள். உழவு என்பது ஆண்மைக்குரிய தொழில் என்று விதி எழுதப்பட்டுவிட்டது. பெண்பிள்ளைகள் வருத்தப்பட வேண்டியதில்லை. அவர்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. அதில் சோளக் கதிரை மேடையில் அழகாக அடுக்குவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார்கள்.

"அந்தச் சோளத்தை விளைய வெச்சது நானுங்க" என்றாள் பூவாத்தாள்.

"அதனாலதான் அடுக்கற வேலையை உனக்குக் கொடுத்திருக்குது" என்றார் கோரையன், மிகுந்த பெருந்தன்மையோடு.

கல்லூரித் திறப்பு விழாவுக்குக் கண்காட்சி ஒன்று ஏற்பாடாயிற்று. பிள்ளைகள் விளைவித்த பருத்த கதிர்கள் அத்தனையையும் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று உத்தரவு. கண்காட்சி முடிந்ததும் கதிர்கள் எங்கே போகும் என்று மாராத்தாளுக்குச் சொல்லாமலே தெரிந்தது. ஒவ்வொரு பிள்ளையிடமும் போய், ஒன்றிரண்டையாவது விதைக்கு ஒளித்து வையுங்கள் என்று கெஞ்சினாள். ஆனால் பதக்கம் வாங்குகிற ஆசை யாரை விட்டது? பூவாத்தாள் மட்டும் மூன்று கதிர்களை எடுத்து, சாம்பலில் புரட்டி, ஈரம் படாத ஒரு பொந்தில் வைத்து மண்ணால் அடைத்தாள்.

மூன்று குறைகிறது என்று கோரையன் கண்டுபிடித்துவிட்டார். வேறு கணக்கில் அவர் எப்படியோ, தின்பண்டக் கணக்கில் தவறவே மாட்டார். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நாச்சிமுத்துவின் வளைக்கு வந்தார்.

"உம் மகள் பாத்தியில மூணு கதிர் குறையுது. எங்க?" என்று கேட்டார்.

பூவாத்தாள் அப்பாவைப் பார்த்தாள். அவருக்கு அந்தப் பொந்து தெரியும். அவள் மண் அடைக்கும்போது அவர் பக்கத்தில்தான் படுத்திருந்தார். சபைத் தலைவருக்கு எதிராக அவர் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

நாச்சிமுத்து வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"நான் தின்னுட்டேனுங்க" என்றார்.

யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. கருவேலங்காட்டில் அதைவிட நம்பத்தகுந்த பதில் வேறு ஏது? அவரைப் போலவே தாங்களும் செய்திருப்போம் என்று எல்லாருக்கும் தெரியும். கோரையன்கூடக் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்த்துவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு பூவாத்தாள் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏனுங்கப்பா அப்படிச் சொன்னீங்க?"

"எட்டு நாள் உன் சோத்தைத் தின்னவன்தானே. இன்னும் மூணு கதிரைத் தின்னதா இருக்கட்டும்" என்றார் அவர். வளையின் வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

திறப்பு விழா சிறப்பாக நடந்தது. பிள்ளைகளின் பாத்திகள் இருந்த இடத்தை மிதித்துச் சமப்படுத்தி, அதன் மேல்தான் கல்லூரியை எழுப்பியிருந்தார்கள். பேசியவர்கள் எல்லாரும் மண்ணின் பெருமையைப் பேசினார்கள். விழா முடிந்ததும், கண்காட்சியில் இருந்த நூற்றுச் சொச்சம் கதிர்களையும் விருந்தினர்கள் தின்று தீர்த்தார்கள். இவ்வளவு ருசியான கண்காட்சியைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்று பக்கத்துக் காட்டுப் பிரமுகர்கள் பாராட்டினார்கள்.

பிறகு பாடம் தொடங்கியது. முதல் பாடம் உழவின் வரலாறு. உலகத்தில் முதன்முதலில் நிலத்தைக் கிளறியவர்கள் பன்றிகள் என்று அதில் தெளிவாக நிறுவப்பட்டிருந்தது. இரண்டாவது பாடம் மண்ணின் வகைகள். மண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஒரு முள்ளம்பன்றிப் பையன் கேட்டான். பதக்கம் அழுக்காகும் என்பதால் அனுமதி கிடைக்கவில்லை.

பூவாத்தாளும் மாராத்தாளும் ஓடையைத் தாண்டிக் கிழக்குக் கரைக்குப் போனார்கள். அங்கே யாரும் இல்லை. சபையின் அதிகாரமும் ஓடையோடு முடிந்துவிடும். தரை இறுகிக் கிடந்தது. முயலின் நகமும் கௌதாரியின் அலகும் அதில் என்ன செய்துவிட முடியும்? மூன்று நாள் கீறிப் பார்த்தும், ஒரு பாய் அகலம்கூட முடியவில்லை. நாலாம் நாள் காலையில் வந்து பார்த்தால், நாலு பாத்தி அளவுக்கு மண் புரண்டு கிடந்தது. நடுவில் குழியன் மூக்கெல்லாம் சேறோடு நின்றான்.

கல்லூரியை விட்டு எப்படி வந்தாய் என்று மாராத்தாள் கேட்டாள். வருகைப் பதிவின்போது முதல்வர் எல்லாப் பெயருக்கும் தலையாட்டிவிடுகிறார், ஆகவே தன்னை யாரும் தேடுவதில்லை என்றான் அவன். தினமும் காலையில் வந்து, சாயங்காலம் திரும்பிப் போனான். நாச்சிமுத்துவும் வரத் தொடங்கினார். முதலில் தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு கல் பொறுக்கினார். பிறகு ஒரு நாள், எந்த நாற்றைப் பிடுங்க வேண்டும், எதை விட வேண்டும் என்று மகளிடம் மெதுவாகக் கேட்டார்.

புரட்டாசியில் இரு கரையிலும் விதைப்பு நடந்தது. கிழக்கே மூன்று கதிர்களின் மணிகளைத் தண்ணீரில் போட்டு, மூழ்கியதை மட்டும் எடுத்து, வரிசையாக ஊன்றினார்கள். மேற்கே கோரையன் முதல் பிடி விதையை இறைத்து விழாவைத் தொடங்கி வைத்தார். அது பழைய சூம்பல் விதைதான். நல்ல விதைதான் கண்காட்சியில் செரித்துப்போயிற்றே.

களை மண்டுகிற கார்த்திகை மாதத்தில் கல்லூரியில் மாபெரும் பேச்சுப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, 'களையெடுப்பின் அவசியம்'. பத்து நாள் ஒத்திகை, மூன்று நாள் போட்டி. வயல் எலி வீட்டுப் பையன் ஒருவன் களையைப் பற்றிப் பேசிய பேச்சில் கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். அந்தப் பதின்மூன்று நாளில் களை சோளத்தை விட உயரமாகிவிட்டது. அதைப் பிடுங்குவதற்கு யாரும் மிச்சமில்லை. எல்லாரும் கைதட்டப் போயிருந்தார்கள்.

மார்கழியில் மழை நின்றுபோயிற்று. கிழக்கே இடைவெளி விட்டு நின்ற பயிர் ஆழமாக வேர் விட்டிருந்தது. வாடியது, ஆனால் தாங்கிக்கொண்டது. மேற்கே களையும் சோளமும் ஒரே ஈரத்துக்கு அடித்துக்கொண்டு இரண்டும் கருகின. தப்பிய கதிர்களை உதிர்த்தால் மணிக்குப் பதில் கரித்தூள் கொட்டியது.

அந்த ஆண்டு கல்லூரியின் பட்டமளிப்பு மட்டும் குறைவில்லாமல் நடந்தது. 'சிறந்த இளம் உழவன்' பட்டமும் பதக்கமும் தலைவரின் மகன் குழியனுக்கு. அவன் விழாவுக்கு வரவில்லை. அவன் சார்பில் தலைவரே ஏறி வாங்கிக்கொண்டார். தேர்வுக் குழு நடுநிலையோடு நடந்துகொண்டதைப் பாராட்டிப் பேசவும் செய்தார். குழுவில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

பங்குனியில் மேற்குக் கரையில் தின்ன ஒன்றும் இல்லை. பட்டை, வேர், காய்ந்த கள்ளி எல்லாம் தீர்ந்தது. நாலு குடும்பங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காட்டை விட்டே போய்விட்டன. பேச்சுப் போட்டியில் கண் கலங்க வைத்த அந்த எலிப் பையனின் தங்கை ஒரு மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அன்று கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள்.

ஓடை வறண்டிருந்தது. யார் முதலில் இறங்கினார்கள் என்று தெரியாது. ஒருவர் பின் ஒருவராகக் கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். களத்தில் சோளம் குவிந்திருந்தது. ஒரு பக்கத்தில் பருத்த கதிர்களைத் தனியாகக் கட்டி, சாம்பல் பூசி, உயரத்தில் மாட்டி வைத்திருந்தார்கள்.

வந்தவர்கள் தலை குனிந்து நின்றார்கள். கோரையன் மட்டும் முன்னால் வந்து களத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்வையிட்டார். அனுமதி இல்லாமல் நடந்த விவசாயம் என்றாலும், கல்லூரியின் வழிகாட்டுதல் இதில் நன்றாகத் தெரிகிறது என்றார். இவ்வளவு விளைச்சலைச் சிறுபிள்ளைகள் கையில் விட்டுவைப்பது சரியல்ல. குறிப்பாக அந்த விதைக் கதிர்களைக் காக்கத் தன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்படும் என்றார். சொல்லும்போதே அவர் கண் கதிர்களின் மேல்தான் இருந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது. அவரும் பாவம், பத்து நாளாகச் சாப்பிடவில்லை.

முதல்வர் செங்கழுத்தன் தலையாட்டினார்.

குழியன் களத்தின் நடுவிலிருந்து எழுந்து வந்தான். அப்பாவுக்கும் விதைக்கும் இடையில் நின்றான். ஓராண்டு இறுகிய மண்ணைப் புரட்டியதில் அவன் மூக்கு தேய்ந்து தழும்பேறியிருந்தது.

"அப்பா, சாப்பிட எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க. விதைக்குப் பக்கத்துல மட்டும் நீங்க வர வேண்டாம்" என்றான்.

அவன் குரலை உயர்த்தவில்லை. கோரையன் சபையில் எத்தனையோ பேரை வாயடைக்க வைத்தவர். அன்று மகனுக்காக வாங்கி வந்திருந்த பதக்கத்தை எடுத்து நீட்டினார். குழியன் அதைப் பணிவாக வாங்கி ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, அப்பாவுக்குச் சோளம் அள்ளப் போனான்.

பூவாத்தாள் கூட்டத்தைப் பார்த்தாள். கைக்குழந்தையோடு நின்றவர்களை முதலில் வரச் சொன்னாள். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு பேசினாள்.

"புரட்டாசியில விதை கேட்டு வாங்க. ஆளுக்கு ஒரு கதிர் தர்றேன். ஆனா இப்பவே ஆளுக்கு ஒரு பாத்தி கொத்திப் போட்டிருக்கணும். கொத்தாதவங்களுக்கு விதை இல்லீங்க. பொண்ணு, பையன், பெரியவங்க, யாரா இருந்தாலும் இதுதான்."

"நாங்க யார்கிட்டக் கத்துக்கறது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

அவள் பதில் சொல்வதற்குள் நாச்சிமுத்து முந்திக்கொண்டார். மாராத்தாளின் பக்கம் கையைக் காட்டினார். "இந்தம்மாகிட்ட. நானும் இவங்ககிட்டத்தான் கத்துக்கறேன். இன்னும் முதல் வகுப்புத்தான்" என்றார்.

மாராத்தாள் இறக்கையை ஒரு தரம் உதறிக்கொண்டு, கிழக்கு மூலையில் மண் கொஞ்சம் இளகலாக இருக்கிறது, வயதானவர்கள் அங்கே தொடங்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

கோரையன் ஒரு கல்லின் மேல் ஏறி நன்றியுரை ஆற்றத் தொடங்கினார். நீளமான உரை. கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் குனிந்து கொத்திக்கொண்டிருந்தார்கள். முதல்வர் ஒருவர்தான் கடைசி வரை நின்று தலையாட்டினார்.

அடுத்த தையில் கருவேலங்காட்டில் பசி இல்லை. ஓடையின் இரு கரையிலும் கதிர் சாய்ந்தது. போனவர்களில் இரண்டு குடும்பங்கள் திரும்பி வந்தன. கல்லூரி இன்னமும் இருக்கிறது. இந்த விளைச்சல் தன் பாடத்திட்டத்தின் வெற்றி என்று அது ஆண்டறிக்கை வெளியிட்டது. மாராத்தாளின் சேவையைப் பாராட்டி, அவள் முதலாம் ஆண்டுப் பாடத்தைத் தேறியதாக ஒரு சான்றிதழும் அனுப்பி வைத்தார்கள். அகலமான தேக்கிலையில், ஓரமெல்லாம் பூவேலை செய்து, பார்க்க நன்றாகவே இருந்தது. மாராத்தாள் அதை இரண்டாக மடித்துக் கூட்டில் போட்டு, அதன் மேல் முட்டை இட்டு அடைகாத்தாள். மெத்தென்று இருந்ததாம்.

வேலை தெரிந்தவரை வாசலில் நிறுத்திவிட்டுக் கல்விக்குக் கட்டடம் எழுப்புகிறவர்களுக்கு, கடைசியில் கட்டடம்தான் மிஞ்சும், சோறு மிஞ்சாது.